ஒதுக்குக் குடிசைக்குப் போன மாத்திரை

இதை எழுத நான் தகுந்த ஆள் இல்லை. ஜவ்வாது மலையில் சாமையும் கொள்ளும் விதைத்துப் பிழைக்கிறவன். படிப்பு எட்டாவதோடு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. இறங்க வேண்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன், ஆண்பிள்ளைகள் வாயில் எடுக்காத ஒரு விஷயத்தை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மகள் மல்லிகாவிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன்.

"எழுது நைனா. எனக்கு ஆனது இன்னொருத்திக்கு ஆவக் கூடாது இல்ல" என்றாள்.

மல்லிகாவுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே விரல்கள் வீங்கும். தொட்டால் வீறிட்டு அழுவாள். கண் வெள்ளை எப்போதும் மஞ்சளாகவே இருக்கும். காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். வளர வளர வலி விரலை விட்டுக் காலுக்கும் முதுகுக்கும் போனது. வலி வந்தால் நடக்க மாட்டாள். வந்த மாதிரியே ஒருநாள் போய்விடும், எழுந்து ஓடுவாள். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று வாத்தியாரே சொன்னதுண்டு.

நாலாவது படிக்கும்போது வந்த வலி போகவில்லை. மலையிலிருந்து சந்தவாசல்வரை டோலி கட்டித் தூக்கிவந்தோம். டோலி என்றால் வேறொன்றுமில்லை, ஒரு நீள மூங்கிலில் போர்வையைத் தொட்டில்போல் கட்டி இரண்டு பேர் தோளில் சுமப்பது. ஒரு முனையில் நான், மறு முனையில் என் மனைவி பச்சையம்மாளின் தம்பி. சந்தவாசலில் பஸ் ஏறிக் கண்ணமங்கலம், அங்கிருந்து இன்னொரு பஸ். கீழ்நாட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றுதான் முதல்முறை போனோம்.

அந்த ஆஸ்பத்திரியில் நடந்ததைவிட உட்கார்ந்ததுதான் அதிகம். ஒரு பெஞ்சிலிருந்து எழுப்பி இன்னொரு பெஞ்சுக்கு அனுப்புவார்கள். எந்தக் கதவுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று கேட்க எனக்கு நாக்கு எழாது. யாராவது எங்களை மாதிரி முண்டாசு கட்டியவர் எழுந்து போனால் அவர் பின்னால் போய் நிற்பேன். ஒருமுறை அப்படிப் போய்க் கண் பார்க்கும் வரிசையில் நின்று, சார்ட்டில் உள்ள எழுத்தையெல்லாம் படித்துக் காட்டிவிட்டு வந்தேன். பச்சையம்மாள் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். அதைக் கண்ணாடித் துண்டில் விட்டு, ஒரு மருந்து சேர்த்து, காற்றுப் படாமல் மூடி வைத்துப் பிறகு பூதக்கண்ணாடி மிஷினில் பார்த்தார்கள். மிஷினில் என்னையும் பார்க்கச் சொன்னார் டாக்டர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. சாமை அறுக்கும் கருக்கரிவாளைச் சின்னதாக்கி அள்ளி இறைத்த மாதிரி இருந்தது.

டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் வட்டமாக, மெத்தென்று இருக்கின்றன. எவ்வளவு குறுகின வழியானாலும் நெளிந்து போய்விடும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அவை வளைந்து விறைத்துவிடுகின்றன. சின்னக் குழாயில் முள் விறகு செருகின மாதிரி ஒன்றோடொன்று மாட்டி அடைத்துக்கொள்கின்றன. அடைத்த இடத்தில்தான் வலி. வளைந்த அணு சீக்கிரம் உடையும். அதனால்தான் கண் மஞ்சள், உடம்பில் ரத்தம் குறைவு. நோய்க்கிருமியைப் பிடிக்கும் மண்ணீரல் என்ற உறுப்பும் இதில் கெட்டுப்போகும், அதனால் சாதாரணக் காய்ச்சல்கூட இவர்களுக்கு ஆபத்து. இதற்கு அரிவாள் செல் நோய் என்று பெயர். தகப்பனிடம் பாதி, தாயிடம் பாதி இருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால் வருவது. பாதி இருப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாது. எனக்கும் பச்சையம்மாளுக்கும் பாதி பாதி இருந்தது. யார் குடும்பத்துப் பாவம் என்று இரண்டு பக்கத்து உறவும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததற்கு அன்று முடிவு வந்தது.

நோயை எடுத்துவிட மருந்து கிடையாது என்றார். ஆனால் தினமும் இரண்டு வகை மாத்திரை. மஞ்சள் மாத்திரை ரத்தம் ஊற. வெள்ளை மாத்திரை பென்சிலின், காய்ச்சல் கிருமி அண்டாமல் இருக்க. அது காலையும் மாலையும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், குளிரில் இருக்கக் கூடாது. ஒருநாளும் விடக் கூடாது. அவ்வளவுதான்.

பச்சையம்மாள் அந்த மாத்திரை டப்பாவை எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். மருந்து உயிர் காப்பது, அதற்கு அந்த இடம்தான் சரி என்றாள். குளிக்காமல் டப்பாவைத் தொட மாட்டாள். காலையில் கூழ் குடித்ததும் ஒரு தரம், விளக்கு வைத்ததும் ஒரு தரம் மல்லிகாவின் உள்ளங்கையில் மாத்திரையை வைப்பாள். அவளால் முடியாத நாட்களில் நான் எடுத்துக் கொடுப்பேன். பிள்ளை தேறினாள். நாலைந்து வருடம் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க மட்டுமே போனோம். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது என்று தேறி, உறைவிடப் பள்ளிக்கு வீட்டிலிருந்தே போய்வந்து ஒன்பதாவதுக்கு வந்துவிட்டாள்.

ஒன்பதாவதில் வயசுக்கு வந்தாள். அதிலிருந்து கெட்டது.

முதலில் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம். பிறகு மாதாமாதம். வலி, காய்ச்சல், டோலி, பஸ். என் மச்சினன் தோளில் மூங்கில் அழுத்தின இடம் காய்த்துப்போனது. வயசுக்கு வந்த நேரம் சரியில்லை என்றார்கள். சீக்கிரம் கல்யாணம் செய்தால் சரியாகும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தரமும் ஒரே கேள்வி: மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? பச்சையம்மாள் சாமி மேல் ஆணையாக ஆமாம் என்பாள். மல்லிகாவும் ஆமாம் என்பாள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அந்த மார்கழியில் போனது மோசமான போக்கு. மூச்சு வாங்கினாள். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் கிருமி இறங்கிவிட்டது என்றார்கள். மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். பாதி நோய் உள்ள எங்கள் இருவர் ரத்தமும் வேண்டாம் என்றார் டாக்டர். மச்சினனைச் சோதித்தார்கள், அவனுக்கும் பாதி இருந்தது. மலையிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவர நேரம் இல்லை. நாங்கள் நிற்கிற கோலத்தைப் பக்கத்துக் கட்டில் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். செங்கத்தில் தானிய வியாபாரம் செய்கிற குடும்பம். காலில் ஆறாத புண்ணோடு படுத்திருந்தார். தன் மகனைக் கூப்பிட்டு, "போய்க் குடுத்துட்டு வா. தின்னு தின்னு சேத்து வச்சிகிறதுக்கு ஒரு வேலை வரட்டும்" என்றார். அவன் போய்க் கொடுத்தான். நல்லவேளை, ரத்தம் பொருந்தியது. அவனுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை; கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "இந்தத் தடவை காப்பாத்திடலாம். ஆனா மாசாமாசம் இப்படி வந்தா நுரையீரல் தாங்காதுங்க. அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுவான்னு என்னால சொல்ல முடியல." செலவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மரத்துப் புளியைப் பிஞ்சிலேயே வியாபாரிக்கு விட்டுவிட்டேன். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு புளி எனக்கு ஒரு பொருட்டாக இல்லை.

ரத்தம் ஏறிய இரண்டாம் நாளில் மூக்குக் குழாயை எடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலை நான் கீழே போய்ச் சுடுதண்ணீர் வாங்கி வந்தபோது மல்லிகா கட்டிலில் இல்லை. வார்டின் கடைசியில், கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், வெறும் தரையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் மாத்திரைத் தட்டோடு நின்றிருந்தார்.

"வேணாம் சிஸ்டர்" என்றாள் மல்லிகா.

"மலையிலேர்ந்து இவ்ளோ தூரம் தூக்கிகினு வந்தது வேணாம்னு சொல்லவா?" என்றார் சிஸ்டர்.

மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். பச்சையம்மாள் சுவரைப் பார்த்து நின்றாள். செங்கத்து அம்மா கட்டிலில் இருந்தபடியே, "ரத்தம் என் புள்ளையுதுதானே ஏறிச்சி. அவன் புத்தி ஒட்டிகிச்சா இன்னா? அவனும் இப்படித்தான், ஒண்ணு சொன்னா கேக்க மாட்டான்" என்றார். வார்டில் சிலர் சிரித்தார்கள். சிஸ்டர் டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் மல்லிகாவிடம் கேட்டுப் பார்த்தார். பிறகு பச்சையம்மாளிடமும் கேட்டுப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். "அப்பா, நீங்களாவது சொல்லுங்க. மாத்திரையை ஏன் வேணாங்குது பொண்ணு?"

எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் அதைத் தகப்பன் சொல்வது எங்கள் பக்கம் கிடையாது. பெற்ற மகளானாலும் அந்த நாட்களில் அவள் எங்கே என்று நாங்கள் கேட்க மாட்டோம். வார்டில் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். மல்லிகாவின் கால் விரல்களைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையின் குளிரில் அவை உள்ளே மடங்கியிருந்தன.

"அவ வீட்டுக்குத் தூரங்க" என்றேன். "அந்த நாள்ல எங்க பக்கம் மருந்தைத் தொட மாட்டாங்க."

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் போய்விட்டிருந்தது.

"ஊர்லயும் அப்படித்தானா?"

"எல்லா மாசமும் அப்படித்தாங்க."

சிஸ்டர் மல்லிகாவிடம், "ஒழுங்கா சாப்பிடறியான்னு கேட்டப்போ ஆமான்னியேம்மா" என்றார்.

"சாப்பிடற நாள்ல ஒழுங்காதான் சாப்பிட்டேன் சிஸ்டர்" என்றாள் அவள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார் டாக்டர். நானே சொன்னேன். எங்கள் மலையில் பெண்கள் அந்த நாட்களில் ஊருக்கு வெளியே ஒதுக்குக் குடிசையில் இருப்பார்கள். வீட்டிலிருந்து சோறு போகும். தூரத்தில் பாறைமேல் வைத்துவிட்டு வருவார்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். பச்சிலை மருந்துக்குத்தான் அந்தக் கட்டு, ஆஸ்பத்திரி மாத்திரை சோற்றோடு போகிறது என்றுதான் அன்றுவரை நான் நினைத்திருந்தேன். பச்சையம்மாளுக்கோ சாமி மாடத்து மருந்தைத் தீட்டு படும் இடத்துக்கு அனுப்புவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். தீட்டு பட்டால் பச்சிலை மருந்து முறிந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அவள் அலட்சியத்தால் நிறுத்தவில்லை. அந்த மாத்திரைக்குக் கொடுத்த மரியாதையால் நிறுத்தினாள். ஊற்றுக்குப் போகக் கூடாது என்பதால் அங்கே தண்ணீரும் கொஞ்சம்தான். சுவர் மூங்கில் தட்டி. மார்கழியில் எங்கள் மலைக் குளிர் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

"மாத்திரை விட்டது மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "குளிர், தண்ணி இல்லாதது, கிருமிக்குத் தடுப்பு இல்லாதது, மூணும் ஒண்ணா சேருது. உங்க வழக்கத்தைப் பத்திப் பேச நான் வரல. ஆனா இந்த மூணையும் அந்தக் குடிசைக்குள்ள சரி பண்ண முடியுமா, அதைப் பாருங்க."

பச்சையம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். டாக்டரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள். "மருந்து முறிஞ்சிட்டா, அப்புறம் எந்த நாளும் அது உடம்புக்குக் கேக்காதே."

மல்லிகா தலையைத் தூக்கினாள். "அம்மா, நேத்து மத்தியானமே வந்துட்ச்சி. பயந்துகினு சொல்லல. அதுக்கப்புறம்தான் ரெண்டு ஊசி போட்டாங்க. காய்ச்சல் ஏறவே இல்லியே."

பச்சையம்மாள் சுவரை விட்டு அருகில் வந்தாள். பிறகு குனிந்து மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த நாளில் எங்கள் ஊர்த் தாய் யாரும் செய்யாதது அது. சிஸ்டரின் தட்டிலிருந்து மாத்திரையை எடுத்து மல்லிகாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இங்கிலீஷ் மருந்துக்குத் தீட்டு இல்ல போலகீது" என்றாள்.

"அதுக்கு அதெல்லாம் சொல்லித்தர ஆள் இல்லம்மா" என்றார் செங்கத்து அம்மா.

ஊருக்குத் திரும்பியபோது இன்னொரு மலை ஏற வேண்டியிருந்தது. ஒதுக்குக் குடிசை எங்கள் வீட்டுச் சொத்து இல்லை, ஊருடையது. ஊர்த் தலைவரான கவுண்டரிடம் கேட்காமல் அங்கே புதிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் பேசிவிட்ட தைரியம் இருந்தது, போனேன். அவரோடு நாலைந்து பேர் இருந்தார்கள். தீட்டு இடத்துக்கு மருந்து போனால் மழை நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். கவுண்டர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"உள்ள போற டப்பா திரும்பி ஊருக்குள்ள வருமா?"

"வராதுங்க. அங்கயே இருக்கும்."

"அப்ப எங்கிட்ட ஏன் கேக்கற? சட்டி போவுது, பாய் போவுது. எங்கிட்ட கேட்டுகினா போவுது? போனது திரும்பக் கூடாது, அவ்ளோதான் கட்டு."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிட்டது. இரண்டாவது டப்பா ஒன்று குடிசைக்குப் போனது. தீர்ந்துபோனால் டப்பாவைத் திறந்து பாறைமேல் வைப்பார்கள். பச்சையம்மாள் கூழ் ஊற்றுவதுபோல மேலே இருந்து மாத்திரையைத் தொடாமல் கொட்டுவாள். பெரிய பானை ஒன்று போனது. தண்ணீர் ஊற்றுவது அந்தந்த நாளில் சோறு கொண்டுபோகும் பெண்கள் பொறுப்பு. என் மச்சினன் கம்பளி வாங்கிவந்தான். தட்டிச் சுவருக்கு மண் பூசினோம். ஆள் இல்லாத நாளாகப் பார்த்து ஆண்களே போய்ப் பூசினோம். பிறகு குளித்துவிட்டு ஊருக்குள் வந்தோம்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. குடிசையில் ஒன்றாக இருக்கும் பெண்களே மல்லிகாவுக்குக் காவல் ஆனார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில், "இன்னாடி, உன் சாமிக்குப் படையல் போட்டியா?" என்று யாராவது கேட்பார்களாம். அவள் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டுவாளாம். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடிக்கும்வரை விட மாட்டார்களாம். வீட்டில் இருந்ததைவிட அங்கே கட்டு அதிகம் என்று அவளே பச்சையம்மாளிடம் குறைப்பட்டிருக்கிறாள்.

மச்சினனுக்குப் பாதி நோய் என்று தெரிந்ததால் அவன் மகள் வள்ளியையும் கீழே கூட்டிப்போய்ச் சோதித்தோம். அவளுக்கு முழுதாக இருந்தது. அவளுக்கு மாத்திரை என்றால் ஆகாது. வலி இல்லாத நாளில் எதற்கு என்பாள். மல்லிகா தினமும் சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, தன் மாத்திரையைக் காட்டி, "நான் மூணு எண்றதுக்குள்ள யார் முழுங்கறது?" என்பாள். வள்ளிக்குத் தோற்கப் பிடிக்காது. அவளும் வயசுக்கு வந்தபோது குடிசைக்கு இன்னொரு டப்பா போனது.

மழை அந்த வருடம் நிற்கவில்லை. நடைபாதையே அடித்துக்கொண்டு போகும் அளவுக்குப் பெய்தது. கவுண்டர் வீட்டில் மழை நிற்கும் என்று சொன்னவர் ஓட்டை வீட்டில் பாத்திரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு கார்த்திகை வந்தது, மார்கழி வந்தது. டாக்டர் சொன்ன அந்தக் குளிர்காலம். குடிசைப் பக்கமிருந்து குரல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு தரம் முட்டியில் வலி என்று செய்தி வந்தது. மச்சினன் மூங்கிலை எடுத்து வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். குடிசைப் பெண்கள் தண்ணீர் காய்ச்சிக் குடிக்கவைத்து, கம்பளியைச் சுற்றி, கல்லைச் சூடாக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார்கள். காய்ச்சல் வரவில்லை. விடிந்ததும் வலி விட்டுவிட்டது. அந்த மூங்கிலில் பிறகு என் மச்சினன் அவரைக்கொடி ஏற்றினான்.

மாசியில் சோதனைக்குப் போனோம். மல்லிகா சந்தவாசல்வரை நடந்தே இறங்கினாள். எங்களுக்கு முன்னால் போய் நின்று, "சீக்கிரம் வா நைனா, பஸ்ஸு போய்ட போவுது" என்று கத்தினாள். டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார். ரத்த அளவும் ஏறியிருந்தது. பத்தாவது பரீட்சை எழுதலாமா என்று மல்லிகா கேட்டாள். "நீ எழுதாம வேற யார் எழுதுவா?" என்றார்.

அந்த அறையில் வேறு மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு தாயும் பெண்ணும் இருந்தார்கள். அதே நோய். டாக்டர் அந்தப் பெண்ணிடம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். மல்லிகா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் எனக்குக் கேட்டது.

"தூரமா இருக்கறப்போ?"

அந்தப் பெண் தன் தாயைப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு மல்லிகாவைப் பேசச் சொன்னார். டப்பாவிலிருந்து பானைவரை எல்லாவற்றையும் அவள் சொன்னாள். நான் அறையில் இருப்பதை மறந்து சொன்னாள். நான் வெளியே போகவில்லை, நின்று கேட்டேன்.

அன்று சாயங்காலமே மலை ஏறி வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மல்லிகா ஒதுக்குக் குடிசைக்குப் போனாள். காலையும் மாலையும் மாத்திரை சாப்பிட்டதாகப் பச்சையம்மாள் வந்து சொன்னாள்.